வண்டிக்கும் நாடி உண்டு!

என்னிடம் முதல் தடவையாக வைத்தியத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேராவது கேட்டுவிடுகிற கேள்வி ஒன்று இருக்கிறது.

"ஏன் டாக்டர், நாடியை இடது கையால பிடிக்கீங்க? எங்க ஊரு வைத்தியரு வலது கையாலதானே பாப்பாரு?"

"எல்லாம் பழக்கம்தான்" என்று சிரித்துச் சமாளித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். இத்தனை வருஷமாக அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதற்குக் காரணம் ஒரு மோட்டார் சைக்கிள்!

சித்த வைத்தியருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, சொந்தமாக ஒரு சின்ன வைத்தியசாலை வைத்து உட்கார்ந்த காலத்தில், 1995-ல், ஒரு பழைய புல்லட்டை வாங்கினேன். 350 சி.சி. வண்டி. இங்கிலாந்தில் ரெட்டிச் என்கிற ஊரில் பிறந்து, 1955-ல் சென்னைக்கு வந்து, திருவொற்றியூர் தொழிற்சாலையில் வளர்ந்த ஜாதி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இன்றைய பிள்ளைகளை அதில் ஏற்றிவிட்டால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார்கள்!

எனக்கு அந்த வண்டி மேல் அப்படி ஒரு பித்து. (பித்த தேகம் என்று என் மனைவி இன்றும் சொல்வாள்.) பகலில் நோயாளிகளுக்குச் சூரணம் மடித்துக் கொடுத்துவிட்டு, ராத்திரி வாசல் விளக்கு வெளிச்சத்தில் ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன். ஹேண்டில்பாரை மாற்றினேன். சீட்டை மாற்றினேன். சைலன்சருக்குள் இருக்கிற தடுப்புக் குழலை உருவி எடுத்துவிட்டு, தெரு முனையில் வரும்போதே வீட்டில் காபி டம்ளர் அதிருகிற மாதிரி செய்தேன். அப்போது அதெல்லாம் பெருமை.

1998-ல் குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்த சமயம். மறுநாள் விடியற்காலையில் நண்பர்களோடு ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகப் போவதாகத் திட்டம். முதல் நாள் சாயங்காலம் செயினைத் துடைக்க உட்கார்ந்தேன். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டால் பின் சக்கரம் தரையில் படாமல் நிற்கும். எஞ்சினை ஓடவிட்டு முதல் கியரில் போட்டால் சக்கரம் தானாகச் சுற்றும். துணியைச் செயின் மேல் பிடித்தால் போதும், அதுவாகவே துடைத்துக்கொள்ளும். எத்தனையோ பேர் செய்கிற காரியம்தான். நானும் பல தடவை செய்ததுதான்.

துணியின் ஒரு நூல் செயினில் மாட்டியது. அவ்வளவுதான்! துணியோடு சேர்ந்து கை போனது. கீழ்ப் பக்கச் செயின் பின்னோக்கி ஓடி, பெரிய பல்சக்கரத்தில் ஏறுகிற இடம் அது. கண் இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை. வலது கை மோதிர விரலின் நகமும் நுனிச் சதையும் போய்விட்டது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காயத்துக்கு நான் தைலம் தேடவில்லை. துணியைச் சுற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அறுவை சிகிச்சை நிபுணர் தைத்தார், ஜன்னிக்குத் தடுப்பூசி போட்டார். எது எந்த வைத்தியத்துக்கு உரியது என்பது தெரிய வேண்டும், இல்லையா?

காயம் ஆறிவிட்டது. நகம்கூடக் கோணலாக முளைத்தது. ஆனால் உணர்ச்சி திரும்பவில்லை. விரல் நுனியில் எப்போதும் ஒரு காகிதத்தைச் சுற்றிவைத்த மாதிரி இருக்கும். இன்றும் அப்படித்தான்.

மற்றவர்களுக்கு இது பெரிய நஷ்டமில்லை. ஆனால் நாடி பார்க்கிறவனுக்கு? ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம் என்று மூன்று விரலாலும் உணர்வது எங்கள் முறை. ஒன்று, அரை, கால் என்று அதற்கு மாத்திரைக் கணக்கு. அந்தக் 'கால்' என்கிற மெல்லிய துடிப்பைத்தான் நான் தொலைத்துவிட்டேன். சில மாதங்கள் நாடி பார்ப்பதையே நிறுத்திவிட்டு, கேள்வி கேட்டும் நாக்கைப் பார்த்தும் சமாளித்தேன். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல், தெரிந்த மாதிரி தலையாட்டுவது எவ்வளவு கூச்சமான காரியம் தெரியுமா?

கடைசியில் என் ஆசிரியரிடம் போய் விரலைக் காட்டினேன். பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "இடது கையிலயும் மூணு விரல் இருக்குல்லா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இடது கைக்கு அந்த நுணுக்கம் வர எனக்கு 2 வருஷம் ஆயிற்று.

தைலம் கேட்டு வந்த தம்பி

இதையெல்லாம் இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், சில மாதங்களுக்கு முன்னால் ஒரு அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். இருபத்தைந்து வயசிருக்கும். கம்ப்யூட்டர் வேலை.

"ராத்திரி தூங்கும்போது கை மரத்துப் போவுதுங்கான் டாக்டர். முதுகு வேற வலிக்குதாம். ஏதாவது நல்ல தைலமா கொடுங்க."

"எந்த விரல் தம்பி மரத்துப் போகுது?"

"சுண்டு விரலும் மோதிர விரலும் சார்."

அந்தக் கணமே எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. கம்ப்யூட்டரில் மணிக்கணக்காகக் கை வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் பக்கம்தான் மரத்துப் போகும். மணிக்கட்டின் நடுவே போகிற நரம்பு நெரிபடுவதால் வருவது அது. சுண்டுவிரல் பக்கத்துக்குப் போகிற நரம்பு வேறு. உள்ளங்கையின் வெளி ஓரத்தில், அடிப்பக்க மேட்டில், தோலுக்கு ரொம்பப் பக்கத்தில் ஓடுகிறது. அந்த மேட்டை ஊன்றி உடல் பாரத்தைத் தாங்குகிறவர்களுக்குத்தான் அது பாதிக்கும். சைக்கிள் பந்தயக்காரர்களிடம் அடிக்கடி காண்பது.

"தம்பி, வண்டி என்ன வைச்சிருக்கே?"

அம்மா முந்திக்கொண்டார். "அதைக் கேளுங்க டாக்டர்! சம்பளத்தைப் பூரா அதுலதான் கொட்டுதான்!"

வெளியே போய்ப் பார்த்தேன். நல்ல 350 சி.சி. வண்டி. ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு, முன் ஃபோர்க்கிலேயே தாழ்வாக இரண்டு துண்டுக் கம்பிகளை மாட்டியிருந்தான். சீட்டை வெட்டி, பலகை மாதிரி ஒல்லியாக்கியிருந்தான். கால் வைக்கிற இடத்தைப் பின்னுக்குத் தள்ளியிருந்தான். 'கஃபே ரேசர்' என்று சொல்கிறார்களே, அந்த மோஸ்தர். 1960-களில் லண்டனில் ஏஸ் கஃபே போன்ற சாலையோர டீக்கடைகளில் கூடிய இளவட்டங்கள், கொஞ்ச தூரத்தை வேகமாக ஓட்டிக் காட்டக் கண்டுபிடித்த உட்காரும் முறை அது. குனிந்து காற்றைக் கிழித்துக்கொண்டு போக. காற்று அதிகமாக மோதுகிற வேகத்தில் அந்தக் காற்றே நெஞ்சைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். வண்ணாரப்பேட்டை சிக்னலில் எந்தக் காற்று வந்து தாங்கப் போகிறது? பாரம் முழுவதும் உள்ளங்கையில்!

"உட்காரு தம்பி, பார்ப்போம்" என்று வண்டி மேல் ஏறி உட்காரச் சொன்னேன். முதுகு வில் மாதிரி வளைந்திருந்தது. பாதை தெரிய வேண்டுமே என்று கழுத்தை மேலே நிமிர்த்தியிருந்தான். அந்தக் கழுத்தின் மேல் ஒன்றேகால் கிலோ, ஒன்றரைக் கிலோ ஹெல்மெட் வேறு. தினமும் போக வர 40 கிலோமீட்டர் இப்படி ஓட்டுகிறான். எந்த உளுந்துத் தைலம் இதைத் தாங்கும் சொல்லுங்கள்!

தைலம் கொடுத்தேன். வாதகேசரித் தைலத்தை இளஞ்சூடாக்கி முதுகில் தேய்த்து, நொச்சி இலையை வதக்கி ஒற்றடம் கொடுக்கச் சொன்னேன். நரம்பு எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, கையில் மின் சோதனை செய்து பார்க்க நரம்பு மருத்துவரிடம் ஒரு சீட்டும் எழுதினேன். ஆனால் அந்த அம்மாவிடம் முதலில் சொன்னது: "தைலம் பாதிதான் அம்மா. மீதி வைத்தியம் வண்டிக்குச் செய்யணும். பழைய ஹேண்டில்பாரைத் தூக்கிப் போட்டுட்டானா, வைச்சிருக்கானா?"

"பரண்ல கிடக்கு சார்" என்றான் தம்பி.

நல்லவேளை!

உடம்புக்குத் தகுந்த வண்டி

வண்டியில் எதையுமே மாற்றக் கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. செருப்புக் கடையில் காலுக்கு அளவு பார்த்து வாங்குகிறோம். வண்டியை மட்டும் கம்பெனி எப்படிக் கொடுத்ததோ அப்படியே, ஐந்தடிக்காரரும் ஆறடிக்காரரும் ஓட்ட வேண்டுமா? கொஞ்சம் மாற்றத்தான் வேண்டும். எதற்காக மாற்றுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தெருவில் பார்க்கிறவர்களுக்காகவா, உட்கார்ந்து ஓட்டுகிற உடம்புக்காகவா?

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஏறி உட்காருங்கள். வீட்டில் யாரையாவது பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கையையும் ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துவிடுங்கள். உடம்பு முன்னால் விழப் பார்க்கிறதா? அப்படியானால் உங்கள் பாரம் கையில் இருக்கிறது, இடுப்பில் இல்லை. முழங்கை லேசாக மடிந்திருக்க வேண்டும். தோள் காதை நோக்கி ஏறியிருக்கக் கூடாது.

ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிற கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, பாரை உங்கள் பக்கமாகக் கொஞ்சம் சுழற்றினாலே பலருக்கு முதுகு நிமிர்ந்துவிடும். காசு செலவில்லை. சுழற்றிய பிறகு போல்ட்டை நன்றாக முடுக்கி, இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கேபிள் இழுபடக் கூடாது, கை பெட்ரோல் டேங்கில் இடிக்கக் கூடாது.

அடுத்தது கிளட்ச், பிரேக் நெம்புகள். இதைக் கவனிக்கிறவர்கள் ரொம்பக் குறைவு. விரல்களை நெம்பின் மேல் வைத்தால் முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். பல வண்டிகளில் நெம்பு மேல்நோக்கி நிற்கும். ஒவ்வொரு தடவை கிளட்ச் பிடிக்கும்போதும் மணிக்கட்டு பின்னுக்கு மடங்கும். டவுனில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கிளட்ச் பிடிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்! நெம்பின் திருகைத் தளர்த்திக் கீழே இறக்கினால் ஐந்து நிமிஷ வேலை. கிளட்ச் கேபிளுக்குள் எண்ணெய் விட்டாலே பாதி இறுக்கம் போய்விடும். கட்டைவிரல் அடியில் வலி என்று என்னிடம் வந்த இரண்டு பேருக்கு இந்த எண்ணெய்தான் மருந்து. தைலப் புட்டியில் இல்லாத எண்ணெய்!

சீட்டைப் பற்றிச் சொல்கிறேன். மெத்தை மாதிரி அமுங்குகிற சீட் நல்லது என்று நினைக்கிறோம். அது தப்பு. ரொம்ப அமுங்கினால் அரை மணி நேரத்தில் இடுப்பெலும்பு பலகையைத் தொட்டுவிடும். கொஞ்சம் கெட்டியான ஸ்பாஞ்சு, பின்பக்கம் அகலம், முன்பக்கம் குறுகல், முன்னோக்கிச் சரியாத மட்டம். இப்படிச் சொன்னால் நல்ல ரெக்ஸின் கடைக்காரருக்குப் புரியும். பின்னால் உட்காருகிற வீட்டு அம்மாவையும் கேட்டுவிட்டு சீட்டை வெட்டுங்கள். ஒற்றை சீட் போட்டுவிட்டு, பிறகு அவரைச் சாமான் கட்டுகிற கேரியரில் ஏற்றிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சேலைக்கான கார்டையும் அழகு கெடுகிறது என்று கழற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சேலையும் துப்பட்டாவும் பின் சக்கரத்தில் சுற்றிக் கழுத்தே நெரிபடுகிறது. என் விரலை இழுத்தது போலத்தான் அதுவும், கேட்டுவிட்டு இழுக்காது.

அப்புறம் அதிர்வு. பழைய புல்லட்டின் சிலிண்டர் ஒன்றுதான். 70 மில்லிமீட்டர் அகலம், பிஸ்டன் ஓட்டம் 90 மில்லிமீட்டர். நீளமாக ஏறி இறங்குகிறபோது அதிரத்தான் செய்யும், அதுதான் அதன் ஆட்டம். ஆனால் வழக்கத்தைவிட அதிகமாகக் கை கூசினால், முதலில் எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்திருக்கிற போல்ட்டுகளைப் பாருங்கள். அதில் ஒன்று தளர்ந்திருந்தாலே போதும். மரத்த கைக்கு மாத்திரை தேடுவதற்கு முன்னால் ஸ்பேனரைத் தேடுங்கள்.

சத்தம் போடாதீர்கள்!

சைலன்சர் விஷயத்தில் நானே குற்றவாளி என்பதால் கொஞ்சம் அடக்கமாகத்தான் பேச வேண்டும். குழலை உருவினால் வேகம் கூடும் என்று அப்போது நம்பினேன். கூடவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலக்கிற விகிதம் சைலன்சரின் எதிர் அழுத்தத்தோடு சேர்த்துக் கணக்குப் பார்த்து அமைத்தது. ஒன்றை மட்டும் மாற்றினால் கலவை கெட்டு, எஞ்சின் சூடேறி, கையை எடுத்தால் பட்பட்டென்று வெடிக்கும். அதை வேகம் என்று நினைத்துக்கொள்வோம்!

காதுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது தொழில் மருத்துவத்தில் பரவலாகப் பின்பற்றுகிற அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு 4 மணி நேரம். 100 டெசிபலைத் தொட்டால் கால் மணி நேரம்தான்! சைலன்சரே இல்லாவிட்டாலும் நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்று போடுகிற சத்தமே 90-ஐத் தாண்டிவிடும். அதன் மேல் இதுவும் சேர்ந்தால்? காதின் உள்ளே சத்தத்தை உணர்கிற நுண்ணிய மயிர் அணுக்கள் செத்தால் செத்ததுதான், மறுபடி முளைக்காது. அதற்கு எங்கள் வைத்தியத்திலும் மருந்து கிடையாது, மற்ற வைத்தியத்திலும் கிடையாது. ஓட்டி முடித்து வீட்டுக்கு வந்த பிறகு காதில் ரீங்காரம் கேட்கிறதா? அது எச்சரிக்கை.

ஓட்டுகிறவர் காது அவர் சொந்தச் சொத்து, போகட்டும். தெருவில் தூளியில் தூங்குகிற குழந்தை என்ன பாவம் செய்தது? என் எதிர்வீட்டுப் பெரியவர் இருதய நோயாளி. நான் வருகிற சத்தம் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார் என்பது அவர் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மறுநாளே பழைய குழலை உள்ளே மாட்டினேன். வைத்தியன் என்று வாசலில் போர்டு வேறு!

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை ஜெயிலோ, இரண்டுமோ என்று போட்டிருக்கிறார்கள். சட்டத்தையே வெட்டி ஒட்டுவது, பெரிய டயர் மாட்டுவது, கண்ணைக் கூசவைக்கிற விளக்கு இதெல்லாம் வேண்டாம். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வைத்தியம்

வண்டியைத் தானே பராமரிப்பதில் இருக்கிற சுகம் ஓட்டுவதில்கூட இல்லை என்பது என் கட்சி. அதிலும் பழைய புல்லட்டின் டேப்பட் பார்ப்பது இருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடித்த வேலை.

ராத்திரி முழுக்க நின்று எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். வலது பக்கம் சிலிண்டருக்கு அடியில் ஒரு சின்ன மூடி. ஒரு நட்டைக் கழற்றினால் உள்ளே இரண்டு மெல்லிய கம்பிகள் செங்குத்தாக நிற்கும். புஷ் ராடு. பிஸ்டன் மேலே வந்து இரண்டு வால்வும் மூடியிருக்கிற நிலையில் நிறுத்திக்கொள்ளுங்கள். கம்பியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து உருட்டினால் தாராளமாகச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் துளிகூட ஆடக் கூடாது. இறுகியிருந்தால் வால்வு சரியாக மூடாமல் கருகும். தளர்ந்திருந்தால் டிக் டிக் என்று சத்தம். இந்த அளவைப் பார்க்கிற கருவி விரல் நுனிதான்! பின்னால் வந்த யு.சி.இ. எஞ்சின்களில் எண்ணெய் அழுத்தமே இதைப் பார்த்துக்கொள்கிறது, நமக்கு வேலையில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். நாடியைப் போலத்தான் இதுவும். மூடியைத் திறந்து கம்பியைத் தொடும்போதெல்லாம் என் வலது மோதிர விரலை மடக்கி வைத்துக்கொள்வேன்.

பாயின்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர். இதற்கு ஃபீலர் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள், அட்டையை வைத்து அளக்காதீர்கள். நெருப்பு முன்கூட்டியே பிடிக்கிற மாதிரி இருந்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். கணுக்கால் வீங்கியும், முன்னங்கால் எலும்பு கீறியும் வருகிறவர்கள் உண்டு. அரைகுறையாக மிதிப்பதும் காரணம். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பாருங்கள். கிக்கர் இறுகி நிற்கிற இடத்தில், இடது கைப் பக்கம் உள்ள டிகம்ப்ரஷர் நெம்பைப் பிடித்து, முள் நடுவுக்கு வருகிற வரை இன்னும் துளி அழுத்துங்கள். நெம்பை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே மிதி, முழு மிதி. முழங்கால் விறைப்பாக இருக்கக் கூடாது. காலில் ஷூ இருக்க வேண்டும். ரப்பர் செருப்பு போட்டு மிதிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

செயினுக்கு வருகிறேன். எஞ்சினை நிறுத்துங்கள். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடுங்கள். கியரை நியூட்ரலில் வையுங்கள். பிறகு பின் சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, நிறுத்தி, நின்ற செயினைப் பிரஷ்ஷால் தேயுங்கள். துணி வேண்டாம். பத்து நிமிஷத்தில் முடிகிற வேலைக்கு இருபது நிமிஷம் ஆகும், ஆகட்டும். செயின் நடுவில் ஏறக்குறைய ஒரு அங்குலம் மேலும் கீழும் ஆட்டம் இருக்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, ரொம்ப இறுக்கமாக இருக்கிற இடத்தில் அளங்கள். மோதிரம், கைக்கயிறு, தொங்குகிற துண்டு எதுவும் வேண்டாம். குழந்தைகள் வேடிக்கை பார்க்கப் பக்கத்தில் வந்து விரலை நீட்டும். அவர்களைக் காபி வாங்கி வர உள்ளே அனுப்புங்கள்.

பெட்ரோலை டியூப் வைத்து வாயால் உறிஞ்சாதீர்கள். ஒரு வாய் தவறி நெஞ்சுக்குள் போனால் நுரையீரல் வெந்துவிடும். அப்படிப் போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வரும்போது இன்னொரு தடவை நுரையீரலுக்குள் போகும். உடனே ஆஸ்பத்திரிதான். கதவை மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள், அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் அந்தத் தூசியை வாயால் ஊதுகிற பழக்கம் மெக்கானிக்குகளிடம்கூட இருக்கிறது. ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

சைலன்சர் காலில் சுட்டுவிட்டால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் பிடியுங்கள். மை, பற்பசை, காபித்தூள் எதுவும் வேண்டாம். எங்கள் சோற்றுக் கற்றாழையும் அப்போது வேண்டாம், முதலில் தண்ணீர்தான். பழைய வண்டியில் சைலன்சர் வலது பக்கம். பிள்ளைகளை எப்போதும் இடது பக்கமாகவே ஏற்றி இறக்கிப் பழக்குங்கள்.

வேலை முடிந்ததும் கையில் ஏறிய கிரீஸைப் பெட்ரோலால் கழுவுகிறவர்கள்தான் அதிகம். அது தோலின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சி வெடிக்கவைக்கும், கரப்பான் வரும். முதலில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தேயுங்கள். கிரீஸ் அதில் கரைந்து வரும். துடைத்துவிட்டு, நலுங்கு மா இருந்தால் அதையும், இல்லாவிட்டால் பாசிப்பயற்று மாவையும் போட்டுக் கழுவுங்கள். நகக் கண்ணில்கூட அழுக்கு நிற்காது. மனைவியும் சாப்பாட்டு மேஜையில் உட்கார அனுமதிப்பாள்!

அந்தத் தம்பி 6 வாரம் கழித்து மறுபடி வந்தான். பரணிலிருந்து பழைய ஹேண்டில்பாரை இறக்கி மாட்டிவிட்டான். சீட்டும் வேறு போட்டிருக்கிறான், பின்னால் அம்மா உட்காருகிற மாதிரி. முதுகு வலி போய்விட்டது. மோதிர விரல் சரியாகிவிட்டது, சுண்டு விரல் நுனியில் மட்டும் கொஞ்சம் மீதி இருக்கிறது என்றான். நரம்பு மெதுவாகத்தான் தேறும், பொறுத்திரு என்றேன். போகும்போது என் கையைப் பார்த்து, "நீங்க ஏன் சார் இடது கையால நாடி பாக்கீங்க?" என்றான். உட்காரவைத்து முழுக் கதையும் சொன்னேன்.

சைலன்சரை மட்டும் இன்னும் மாற்றவில்லை. அடுத்த அமாவாசைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். தெரு முனையில் வரும்போதே எனக்குத் தெரிந்துவிடும்.